எந்தச் சாமி கும்பிடுறீக?

காரைக்குடியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே போய், "அக்கா, பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்று நின்றால், கொண்டையில் பேனா செருகிய ஒரு அக்கா நம்மை ஏற இறங்கப் பார்க்கும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்.

"எந்தச் சாமி கும்பிடுறீக?"

எங்கள் பக்கத்தில் இது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூடக் கேட்கிற கேள்விதான். குலசாமியைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும், வகையறா தெரிந்துவிடும், வந்தவர் மாமன் முறையா அண்ணன் முறையா என்பதுகூடத் தெரிந்துவிடும். அதனால் யாரும் ஒளிக்க மாட்டார்கள். பெருமையாகச் சொல்வார்கள்.

நாச்சியாபுரத்திலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் வந்தது நன்றாக ஞாபகமிருக்கிறது. மூன்று நாளாக மெயில் திறக்கவில்லை. சென்னையில் இருக்கிற மகனே பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டானாம். அக்கா சாமியைக் கேட்டது. அவர் கருப்பர் பேரை முழுசாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அக்கா தட்டிக்கொண்டே, "பின்னாடி ஒண்ணு ரெண்டு மூணா, வண்டி நம்பரா?" என்றது. "வண்டி நம்பருதான்" என்று அவரே சொல்லி முடிப்பதற்குள் மெயில் திறந்துவிட்டது. மனுஷர் அரண்டுபோய் ரெண்டடி தள்ளி நின்றார்.

இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எங்கள் சனம் புதுசாக எதைத் தொடங்கினாலும் முதலில் சாமி பேரை எழுதும். கல்யாணப் பத்திரிகையில், டிராக்டர் நெற்றியில், மோட்டார் ரூம் சுவரில், எல்லாவற்றிலும் எழுதும். அப்படிப்பட்ட ஆளிடம் கம்ப்யூட்டர், 'புது அக்கவுண்டு தொடங்கு, யாருக்கும் தெரியாத ஒரு வார்த்தை போடு' என்று கேட்டால் என்ன செய்வார்? தொடங்கு என்பதுதான் அவர் காதில் விழும். சாமி பேரைப் போட்டுவிட்டுக் கன்னத்திலும் போட்டுக்கொள்வார். ஊருக்கே தெரிந்த பேரை ரகசியம் என்று நம்பி வைக்கிற கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

அக்காவை எல்லாரும் ஹேக்கரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பேர் ஒன்று இருந்தது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை, காரணம் கடைசியில் தெரியும்.

ஒரு பழக்கம் அக்காவிடம் உண்டு. யாராவது பாஸ்வேர்டு அடிக்கப்போனால் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு காலண்டரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். அடித்து முடித்து, "ஆச்சுக்கா" என்று சொன்ன பிறகுதான் திரும்பும். பன்னிரண்டாவது முடித்துக் காலேஜுக்கு விண்ணப்பம் போட அங்கேதான் நான் முதன்முதலில் மெயில் தொடங்கினேன். அன்றைக்கும் அப்படித்தான் திரும்பிக்கொண்டது. "நீங்கதான் கேட்ட உடனே கண்டுபிடிச்சிருவீகளே, பெறகு எதுக்கு அந்தப் பக்கம் திரும்புறீக?" என்று வாயாடினேன்.

"தெரியும்கிறது வேற, பாக்குறது வேற புள்ள" என்றது.

அதன்பிறகு காலேஜில் ப்ராஜெக்ட் பிரிண்ட், ஹால் டிக்கெட் என்று நான் அங்கேயே கிடந்தேன். மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் அக்கா பேச ஆரம்பிக்கும். பேச்சு எல்லாம் உலகத்து ஹேக்கர்களைப் பற்றித்தான். இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து வைத்திருக்கும். பேரெல்லாம் வாயில் நுழையாது, அதனால் அதுவாகவே பேர் வைத்திருந்தது. ஒருவன் போன்காரன். இன்னொருவன் புழுக்காரன். மூன்றாமவன் மாடிக்காரன். சித்தப்பா மகன்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசும்.

"இந்தப் போன்காரன் இருக்கானே, பூட்டை உடைக்கிற சோலியே அவனுக்குக் கெடையாது. பெரிய பெரிய கம்பெனிக்குப் போனைப் போடுவான். 'நான் நம்ம இன்னொரு ஆபீஸ்லருந்து பேசுறேன், பாஸ்வேர்டு மறந்துபோச்சு, சொல்லுங்களேன்'ம்பான். சொல்லிருவாக. கேட்டா சொல்லிருவாக புள்ள. கேக்கணும், அம்புட்டுத்தான்."

புழுக்காரன் விளையாட்டுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினானாம். அது குட்டி போட்டுக் குட்டி போட்டு ஊர்பட்ட கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டதாம். மாடிக்காரன் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே எந்த நாட்டு ராணுவத்துக் கம்ப்யூட்டருக்குள்ளோ போய்விட்டு வந்தானாம். எவ்வளவு நிஜம், எவ்வளவு அக்காவின் கைச்சரக்கு என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது இதே துறையில் சம்பளம் வாங்குகிறேன். அக்கா சொன்னதில் முக்கால்வாசி சரிதான்.

ஆனால் அக்காவுக்கு அவர்கள் செய்த வித்தையைவிட, அப்புறம் என்ன ஆனார்கள் என்பதில்தான் குறி. ஒவ்வொரு கதை முடிவிலும், "பெறகு என்ன ஆனான் தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்தும். ஒருவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே விட்டபிறகும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்றுவிட்டார்கள். ஒருவன் அடுத்தவன் வீட்டுக்குள் வருஷக்கணக்காகப் பதுங்கிக் கிடந்தான். இன்னொருவனை, எந்தக் கம்பெனிக்குள் புகுந்தானோ அதே மாதிரிக் கம்பெனிகள் காவலுக்கு வைத்துக்கொண்டன.

"எதுல பேர் வாங்குனானோ அதுலயே மாட்டிக்கிட்டான் பாரு, அத்தனை பேரும்" என்று முடிக்கும்.

ஒருநாள் நான் சிரித்துக்கொண்டே, "நீங்களும் அந்த லிஸ்ட்டுல சேரப்போறீகளாக்கா?" என்றேன்.

"நான் சேந்து ஏழு வருசமாச்சு" என்றது அக்கா.

எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் அதன்பிறகு சில விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. அந்தக் கடை அக்காவின் புருஷனுடைய அண்ணன் கட்டிய வீட்டின் முன்பக்க அறை. அக்கா வீட்டுக்குள்ளிருந்து பின்கதவு வழியாகக் கடைக்கு வரும், பின்கதவு வழியாகவே உள்ளே போகும். முன்பக்க ஷட்டரைக் காலையில் திறப்பதும் ராத்திரி இறக்குவதும் அந்த அண்ணன்தான். அவரைப் பெரியவர் என்று சொல்வார்கள். சாவி அவர் இடுப்பில். எதிர்த்த டீக்கடைக்குக்கூட அக்கா போய் நான் பார்த்ததில்லை. டீ இங்கே வரும்.

கரண்டு இல்லாத ஒரு மத்தியானம் அக்காவே சொன்னது. வெயிலில் ஷட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு பழைய நோட்டு அட்டையை வைத்து விசிறிக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரிச் சொன்னது.

கல்யாணமாகி ஒரு வருஷத்தில் புருஷன் சிங்கப்பூர் போனார். ரெண்டாவது வருஷம் போன் நின்றுபோயிற்று. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. மாமியார் அழுத அழுகை தாங்காமல் வீடே சேர்ந்து அக்காவிடம் கேட்டது. நீ கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவள்தானே, அவன் மெயிலைத் திறந்து பாரேன் என்று. அக்கா வீட்டுச் சாமி பேரை அடித்தது. பின்னால் ஒன்று ரெண்டு மூன்று. திறந்துவிட்டது.

"உசுரோடதான் இருந்தாக" என்றது அக்கா. "பக்கத்துல ஒரு பொம்பள. மடியில ஒரு புள்ள. பொறந்தநாள் போட்டோ. எம் பின்னாடி வீட்டுல அத்தனை பேரும் நிக்கிறாக. பெறகு எங்க அத்தை சொன்னாக, 'நல்லாருக்கான்ல, அது போதும்'னு."

"நீங்க என்ன சொன்னீக?" என்று கேட்டேன்.

"என்னை யாரு கேட்டா?"

அதற்கப்புறம் நடந்தது இன்னும் அநியாயம். 'என் மெயிலைத் திறந்தவள் இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன்' என்று புருஷன் எழுதிவிட்டாராம். திறக்காமல் இருந்திருந்தால் என்றைக்காவது வந்திருப்பான் என்று வீட்டில் பேச்சு. ஆனால் வெளியே மட்டும், கடல் தாண்டி இருக்கிறவனை இங்கே உட்கார்ந்தே கண்டுபிடித்த மருமகள் என்று ஊர்முழுக்கப் பேர். அந்தப் பேரை வைத்துத்தான் பெரியவர் இந்தக் கடையைப் போட்டார். பிறந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், அண்ணன் 'அங்கேயே இரு' என்றுவிட்டார். இந்த வீட்டில், 'நீ எங்க மருமக, எங்குட்டும் போக வேணாம்' என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது.

அன்றைக்குத்தான் அக்கா தன் பிறந்த வீட்டுச் சாமியைப் பற்றியும் சொன்னது. தேவகோட்டைக்கு அங்குட்டு ஒரு கண்மாய்க்கரையில் இருக்கிற அம்மன். கல்யாணமானால் பொம்பளைக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் சாமி. மாசி மாசம் இவர்கள் சாமிக்குத்தான் கூட்டிப்போவார்கள். "அங்கிட்டுப் போயி பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. இம்புட்டு ஆளுககிட்டச் சாமி பேரைக் கேக்குறேன், என் சாமி எதுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல" என்று சிரித்தது. நான்தான் கேட்டேன். சொன்னது. அழகான பேர்.

அக்காவைத் தெய்வமாக்கிவிட எனக்கு இஷ்டமில்லை. மறந்தவர்களுக்குத் திறந்தது போக, அடுத்தவர் மெயிலையும் திறந்தது. பெரியவர் ஆட்களைக் கூட்டிவருவார். பொண்டாட்டி மேல் சந்தேகப்பட்டவன், அண்ணன்மேல் வழக்குப் போட்ட தம்பி, இப்படி. முதுகுக்குப் பின்னால் பெரியவர் நிற்க, அக்கா சாமியைக் கேட்கும், திறந்து கொடுக்கும். ஒருதடவை அப்படி ஒரு புருஷனுக்குத் திறந்து கொடுத்தது. நாலு நாள் கழித்து அவன் பொண்டாட்டி கடைக்கு எதிரே வந்து நின்றாளாம். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாளாம். "வஞ்சிருந்தாக்கூட ஆறிருக்கும்" என்றது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

"முடியலைன்னு சொல்லிற வேண்டியதுதானே?" என்று கோபமாகவே கேட்டேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

"என்னால முடியலைன்னா இந்த வீட்டுல நான் யாரு புள்ள?" என்றது.

நான் இன்ஜினியரிங் முடித்த வருஷம் என் முறை வந்தது. சென்னையில் வேலை கிடைத்து, மெயிலில் கடிதமும் வந்துவிட்டது. அதே மாசம் என் தாய்மாமன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். நான் மாட்டேன் என்றேன். இதற்குப் பின்னால் எவனோ இருக்கிறான் என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். சத்தியமாக எவனும் இல்லை. போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வாசலில் அம்மா, கொல்லையில் அப்பத்தா. இருபது நாள் நான் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். கம்பெனிக்கு இன்ன தேதிக்குள் சேர்கிறேன் என்று ஏற்கெனவே பதில் போட்டிருந்தேன், அது ஒன்றுதான் தைரியம். அதையும் அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

"உம் மெயில்லருந்தே, வரலைன்னு அவுகளுக்கு எழுதிப் போட்டுர்றேன். சோலி முடிஞ்சது. பாஸ்வேர்டைச் சொல்லு" என்றார்.

சொல்லவில்லை. அடிகூட விழுந்தது, அப்பா அதுவரை என்னை அடித்ததே இல்லை. மறுநாள் காலையில் வண்டியில் உட்கார வைத்து நேராக ஹேக்கரக்கா கடைக்குக் கூட்டிப்போனார். பெரியவரும் அப்பாவும் நல்ல பழக்கம். ரெண்டு பேரும் அக்கா முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். நான் பக்கவாட்டில்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவிடம் கேட்டது.

"எந்தச் சாமிண்ணே கும்பிடுறீக?"

"காளையார்கோவில் பக்கம்மா. நம்ம முத்தையா அய்யனார்" என்றார் அப்பா, அவ்வளவு கோபத்திலும் குரலில் ஒரு பவ்யத்தோடு.

என் பாஸ்வேர்டும் அதுதான். முத்தையா, ஒன்று, ரெண்டு, மூன்று. நாலு வருஷம் கம்ப்யூட்டர் படித்துக் கிழித்த லட்சணம். பன்னிரண்டாவது முடித்தபோது தொடங்கியதை மாற்றவே இல்லை. ரைஸ்மில்காரரைப் பார்த்துச் சிரித்தவள் நான்தான்.

அக்கா அடித்தது. விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முத்தையா, ஒரு எழுத்துத் தப்பவில்லை. ஒன்று. ரெண்டு. அந்த இடத்தில் விரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் நாலை அடித்தது.

தப்பு என்று வந்தது.

மறுபடி சாமி பேர். ஒன்று, ரெண்டு, ஐந்து. தப்பு. ஒன்று, ரெண்டு, ஆறு. அப்பாவிடம் வண்டி நம்பரைக் கேட்டு அதையும் போட்டது. அவருடைய கல்யாண வருஷத்தைக் கேட்டு அதையும் போட்டது. மூன்றை மட்டும் தொடவில்லை. கடைசியில் மெயிலே, நிறையத் தடவை தப்பாகப் போட்டுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்று பூட்டிக்கொண்டது.

"முடியலண்ணே" என்றது அக்கா. "பத்து வருசத்துல எனக்கே முடியாம போனது இதுதான். உங்க மக ரொம்பக் கெட்டிக்காரி."

பெரியவர் முகம் கறுத்துப்போயிற்று. கூட்டாளி முன்னால் தலைகுனிவு அல்லவா. ஆனால் அப்பா முகத்தில் வேறு என்னவோ ஓடியது. அன்றைக்குச் சாயந்திரம் ஆபீஸ் ஆட்களிடம் போனில், "ஹேக்கராலயே தொறக்க முடியலையாம்யா எம் மக மெயிலை" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. குரலில் ஒளிக்க முடியாத ஒரு பெருமை. ரெண்டு நாள் இதையே பேசினார். நாலாம் நாள் பீரோவைத் திறந்து போனை எடுத்து, டேபிளில் வைத்துவிட்டுப் போனார். என் அழுகைக்கு இளகாத மனுஷர் இதற்கு இளகினார் என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

சென்னை கிளம்புகிற அன்றைக்குக் கடைக்குப் போனேன்.

"இப்பவாவது மாத்துனியா அதை?" என்றது அக்கா.

"மாத்திட்டேன்க்கா. பெரியவரு ரொம்ப வஞ்சாரா?"

"வஞ்சாக. அது கெடக்கு. ஒருத்திகிட்டத் தோத்துட்டேன்னு பேச்சாகி, ரெண்டு வாரம் ஒரு ஆளு வரல புள்ள. அம்புட்டு நிம்மதி. இனி இந்தச் சோலியே இல்ல, எங்குட்டாவது போவோம்னுகூட நெனச்சேன். பெறகு பழையபடி வர ஆரம்பிச்சுட்டாக." வாசல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

"உங்க பாஸ்வேர்டையும் மாத்தி வச்சுக்கங்க. உங்க வீட்டுல இப்ப எல்லாருக்கும் உங்க வித்தை தெரியும்."

"என்னுது உலகத்துலயே பத்திரமான பாஸ்வேர்டு" என்றது. "இந்த வீட்டுல அதை யாரும் கேக்க மாட்டாக."

பதினோரு வருஷம் ஓடிவிட்டது. ஊருக்கு வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். பிரவுசிங் எல்லாம் போய், ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு என்று கடை மாறியது. நாற்காலி மாறவில்லை. ஷட்டர் சாவியும் மாறவில்லை. முடியில் நரை விழுந்திருந்தது, பேனா மட்டும் அதே இடத்தில். என்னோடு சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று ரெண்டு தடவை கூப்பிட்டேன். சிரித்தது. மூன்றாவது தடவை கூப்பிடாமல் விட்டுவிட்டேன், அது என் தப்பு.

இந்த மாசி மாசம் எங்கள் சாமி கும்பிட வந்திருந்தபோது பெரியவர் அப்பாவுக்குப் போன் செய்தார். உங்கள் மகளைக் கொஞ்சம் வரச்சொல்லுங்கள் என்று. போனோம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பெரியவர், அவர் மனைவி, நாற்காலியில் அந்த மாமியார். ரொம்பத் தளர்ந்துவிட்டார்.

அக்காவைக் காணோம். மூன்று நாளாகிறது. காலையில் ஷட்டர் திறந்ததும் முன்வாசல் வழியாகவே நடந்து போயிருக்கிறது. டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார், கையில் ஒரு பை மட்டும். போன் அணைந்து கிடக்கிறது.

"எங்க போனான்னு அவ மெயில்ல ஏதாவது இருக்கும்" என்றார் பெரியவர். "நம்ம சாமி பேரைப் போட்டுப் பாத்துட்டோம். தொறக்கல. நீ பெரிய எடத்துல இதே வேலை பாக்குறியாமே தாயி. தொறந்து குடு. கூட்டியாந்துருவோம். ஊருல தலை காட்ட முடியல."

அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மெயில் பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது. முதுகுக்குப் பின்னால் அவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். அக்காவுக்கு இத்தனை வருஷம் இது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பாமலே கேட்டேன். "அவுக பொறந்த வீட்டுச் சாமி எது?"

திரும்பிப் பார்த்தேன். பெரியவர் மனைவியைப் பார்த்தார். மனைவி மாமியாரைப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள்.

"அங்குட்டுத் தேவகோட்டைப் பக்கம் ஏதோ ஒண்ணு" என்றார் மாமியார். "இங்க வந்த பெறகு நம்ம சாமிதானே அவளுக்கும்?"

கீபோர்டை இழுத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டுச் சாமி பேரை அடித்தேன். பின்னால் ஒன்று, ரெண்டு, மூன்று. தப்பு. ஒன்று, ரெண்டு, நாலு. தப்பு. பெரியவரிடம் வண்டி நம்பரைக் கேட்டேன், கடை திறந்த வருஷத்தைக் கேட்டேன். நிதானமாக ஒவ்வொன்றாகப் போட்டேன். கடைசியில் அது பூட்டிக்கொண்டது.

"என்னாலயும் முடியல" என்று எழுந்தேன். "அவுக ரொம்பக் கெட்டிக்காரவுக."

வெளியே வந்து அப்பா வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்தேன். ரோடு திரும்பியதும் அவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"அந்தப் புள்ளையோட சாமி எதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ப்பா" என்றேன்.

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.